கீரிப்பாறை டிரிப்பில் அண்ணன் படித்த கிட்டார்

உறவினர்களுக்கும், சபையாருக்கும், அண்ணன் ஓட்டிய பஸ்ஸில் ஒரு நாளாவது ஏறி இறங்கிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தாரின் அன்பின் வணக்கம்.

அண்ணன் கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் கூடப்பிறந்தவர்கள் யாராவது எழுத வேண்டும் என்று முடிவானதும் எல்லாரும் தங்கையைத்தான் பார்த்தார்கள். அவள், "எனக்கு பேனா எடுத்தா அழுக வருது" என்று நழுவிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தார்கள். மைனி, அதாவது அண்ணனின் மனைவி, முதலிலேயே நிபந்தனை போட்டார்.

"தம்பி, இது நினைவு புக்காக்கும். ஆளுவ வாசிச்சிட்டு சிரிக்கப்படாது."

"செரி மைனி."

"அழவும் படாது."

"பின்ன நான் என்னத்த எழுத?"

"அவிய எப்பிடி இருந்தாவளோ அத எழுது."

இருந்தபடி எழுதினால் இரண்டும் வந்துவிடும். அதற்கு மைனிதான் பொறுப்பு.

அண்ணன் பிறந்தது பத்மநாபபுரம் கோட்டைக்கு வெளியே, தக்கலை போகும் வழியில் உள்ள எங்கள் பழைய வீட்டில். அரண்மனையைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த எங்கள் வீட்டை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. மழை மட்டும் ஓட்டு வழியாக உள்ளே வந்து நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். அப்பா தடிக்கடையில், அதாவது மரக்கடையில், வேலை செய்தார். அண்ணன் பள்ளிக்கூடம் முடிக்கிற நேரத்தில் அப்பா இறந்துபோனார். அடக்கம் முடிந்த அடுத்த வாரமே அண்ணன் ரப்பர் ஷீட் ஏற்றும் லாரியில் கிளீனராகப் போனார். அந்த லாரியில்தான் வண்டி ஓட்டவும் கற்றார். தங்கையை நர்சிங் படிக்க வைத்தார். என்னைப் பட்டதாரி ஆக்கினார். அதன் பலனாக நான் வடசேரியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். என் பட்டத்துக்கும் இட்லிக் கொப்பரைக்கும் என்ன சம்பந்தம் என்று அண்ணன் ஒரு நாளும் கேட்டதில்லை. கடை திறந்த அன்று முதல் ஆளாக வந்து ஒரு குத்துப்போணி வாங்கிக்கொண்டு போனார். அவ்வளவுதான்.

பிறகு பஸ் டிரைவர் வேலை கிடைத்தது. மைனி வந்தார். பூதப்பாண்டிப் பக்கம் குடிவந்தார்கள். ஒரே மகள் பிளெசி பிறந்தாள். நாகர்கோவிலிலிருந்து கீரிப்பாறை போகும் எஸ்டேட் வண்டிதான் கடைசிவரை அண்ணனின் ரூட். மலை வளைவுகளில் அண்ணன் ஓட்டினால் மடியில் வைத்த தூக்குவாளியில் சாம்பார் சிந்தாது என்பது பால்வெட்டும் பெண்கள் கொடுத்த சான்றிதழ். ரப்பர் மரத்தில் பால் எடுப்பதைத்தான் எங்கள் பக்கம் பால்வெட்டு என்போம்.

இவ்வளவு திறமை உள்ள மனிதருக்கு ஒன்றே ஒன்று மட்டும் வரவில்லை. பாட்டு வராது. எங்கள் சபையில் பாடத் தெரியாதவன் கல்யாண வீட்டில் சோறு வேண்டாம் என்று சொன்னவனைப் போல. எல்லாரும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அண்ணன் குரல் டீசல் எஞ்சின். குடும்ப ஜெபத்தில் உதட்டை மட்டும் அசைப்பார். பிளெசிக்கோ அப்படி ஒரு குரல். சிறுமியாக இருந்தபோதே கோயில் பாடகர் குழுவான கொயரில் சேர்த்துக்கொண்டார்கள். வாரந்தோறும் பயிற்சிக்கு அவளை அழைத்துப் போவது அண்ணன்தான். அவள் உள்ளே போவாள், அண்ணன் கோயில் படியில் உட்காருவார். கொயரில் கிட்டார் வாசிக்கும் டீச்சர், "உள்ள வந்து இருங்களேன்" என்று கூப்பிடுவார். "வேண்டாம் டீச்சர். இஞ்ச இருந்தாலே நல்லா கேக்குவு" என்பார். அவள் வளர்ந்து ஆசிரியப் பயிற்சி முடித்த பிறகும் அண்ணன் படியில்தான்.

இனி கிட்டார் வந்த கதை. அதில் நான்தான் கோமாளி.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை அன்று ஜனங்கள் கொண்டுவரும் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவது வழக்கம். சேவல், பலாப்பழம், வாழைக்குலை, ஏத்தங்காய் சிப்ஸ் என்று எல்லாம் வரும். ஏலத்தில் விலையை ஏற்றிவிட்டு, கடைசி நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவது என் வருடாந்தர ஊழியம். சபைக்கு வருமானம், எனக்குச் சந்தோஷம், எவனோ ஒருவன் தலையில் பலாப்பழம். ஒரு வருடம் வளைகுடாவிலிருந்து வந்த ஒருவர் தன் கிட்டாரைக் காணிக்கையாகக் கொடுத்திருந்தார். நான் வழக்கம்போல ஏற்றினேன். எதிரில் நின்றவர்களும் ஏற்றினார்கள். நான் இன்னும் ஏற்றினேன். திடீரென்று மொத்தச் சபையும் வாயை மூடிக்கொண்டது. முன்பே பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். குருவானவரே கை தட்டினார்.

வாங்கியது வாங்கிவிட்டோம், வாசித்துக் காட்டுவோம் என்று வீம்பு வந்தது. தோள்பட்டை வார், நிறுத்திவைக்க ஸ்டாண்ட், ஒரு கறுப்புக் கண்ணாடி எல்லாம் வாங்கினேன். செல்போனில் பாடம் பார்த்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டது முதல் விளக்கு வைக்கும்வரை விடாமல் அடித்தேன். விரல் நுனியெல்லாம் கன்றிப்போனது. அடுத்த ஞாயிறு ஆறியது. அதற்கடுத்த ஞாயிறு கடையில் சரக்கு இறங்கியது. ஒரு மாதம் கழித்து எடுத்தபோது கற்றதில் ஒன்றும் கையில் இல்லை. கண்ணாடி மட்டும் இருந்தது. நான் வாசித்தால் கடையில் அண்டா உருளுகிறதோ என்று என் மனைவி எட்டிப் பார்ப்பாள். கிட்டார் பீரோ மேல் ஏறியது.

அந்தச் சமயத்தில்தான் பிளெசிக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. கல்யாணம் முடிந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஒரு நாள் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். பீரோவையே பார்த்தார்.

"எலே, அத நீ வாசிக்கியா?"

"எண்ணே, அது என்னைய வாசிச்சிட்டு."

"அப்பம் எனக்குத் தா."

"நீ எதுக்கு?"

அண்ணன் எட்டிப் பீரோ மேலிருந்த தூசியைக் கையால் துடைத்தார். பிறகு சொன்னார்: "பிள்ளை போறதுக்கு முன்ன, ஒரே ஒரு பாட்டுக்கு அவ பக்கத்தில இருக்கணும்லே. பாட வராது. இதாவது வருமான்னு பாப்போம்."

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை, பெண் வீட்டு ஜெபத்தில் பிளெசி ஒரு கீர்த்தனை பாடுவாள். அதற்கு இவர் வாசிக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். அண்ணன் தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்தது அன்றுதான். அதனால் கேலி செய்யாமல் கொடுத்தேன். கேலி செய்யாதது அந்த ஒரு நாள் மட்டும்.

டீச்சரிடம் போனார். டீச்சர் அந்தக் கீர்த்தனைக்கு வேண்டிய கார்டுகளைப் பிடித்துக் காட்டிவிட்டு, "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை மொத்தமா வாசிக்கண்டாம். கொஞ்ச நேரம் போதும். ஆனா நாள் விடப்படாது" என்றார். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி சொன்னதை நான் கவனித்தேன்.

கிட்டார் வாசிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்டு என்பது இரண்டு மூன்று கம்பிகளை ஒரே நேரத்தில் தனித்தனி விரலால் அழுத்துவது. அண்ணனுடைய விரல் ஒன்று வைத்தாலே இரண்டு கம்பியை மூடும். ஸ்டியரிங் பிடித்துத் தடித்துப்போன கை. வீட்டில் அவருக்கு நேரமும் இல்லை. விடியுமுன் போனால் மாலையில்தான் வருவார். கிடைத்தது கீரிப்பாறையில் பஸ் திரும்பி நிற்கும் இடைவேளை மட்டும். மதிய டிரிப்பில், பால் அளந்து கொடுத்துவிட்டுப் பெண்கள் வந்து சேரும்வரை வண்டி நிற்கும். டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து கிட்டாரை எடுத்துக்கொண்டு அண்ணன் மரத்தடிக் கல்லில் உட்காருவார். கண்டக்டர் தாணு அண்ணாச்சி டீ குடித்துவிட்டு வந்து விசில் அடித்ததும் எழுந்துவிடுவார்.

பால்வெட்டும் பெண்களில் லீலா அக்காவுக்கு வாய் அதிகம்.

"டிரைவர் சாரே, நேத்தும் இதே சத்தந்தானே கேட்டுது! ரிப்பேர் இன்னும் தீரலியா?"

"இது ரிப்பேரு இல்ல பிள்ளே, பாட்டாக்கும்."

"பாட்டா! நான் வண்டிக்கு எஞ்சின் பட்டை லூசுன்னுல்லா நெனச்சேன்."

அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துக்கொண்டே அதே கார்டை மறுபடி பிடிப்பார். கேலி செய்தால் விட்டுவிடுவார் என்று நினைத்தவர்கள் அவர் என் கேலிக்கு நடுவே எனக்கு அண்ணனாக வாழ்ந்தவர் என்பதை மறந்துவிட்டார்கள்.

மழையில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து வாசித்தார். காய்ச்சல் வந்தபோது கட்டிலில் படுத்தபடி வெறும் விரலை வைத்து வைத்து எடுத்தார். லீவு நாளிலும் மதியம் அந்த நேரம் ஆனால் கை பரபரக்கும் என்று மைனி சொல்வார். "கார்டு மாத்துறது கியர் மாதிரியாக்கும்லே. குனிஞ்சி பாத்துட்டுப் போட்டா வண்டி நின்னு போவும். கை தன்னால போவணும்" என்று என்னிடம் சொன்னார். சில மாதங்களில் பட்டை லூசு சத்தம் மாறி, கேட்கிறவர்கள் இன்ன பாட்டு என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் வந்தது. கேரல் பாடிக்கொண்டு கொயர் வீடு வீடாக வந்தது. எங்கள் அண்ணன் வீட்டு முற்றத்தில் பிளெசி அந்தக் கீர்த்தனையைத் தொடங்க, அண்ணன் உள்ளேயிருந்து கிட்டாரோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாருக்கும் ஆச்சரியம். பல்லவி, அனுபல்லவி, முதல் சரணம், ஒரு பிசிறு இல்லை. நான் பெருமையில் அக்கம்பக்கம் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். முதல் சரணம் முடிந்தது. அண்ணன் நிறுத்தினார். கிட்டாரை மடியிலிருந்து எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு எழுந்தார். கை தன்னால் சாவியைத் தேடியது.

பிளெசி இரண்டாம் சரணத்தில் தனியாக நின்றாள்.

விஷயம் இதுதான். கீரிப்பாறையில் அண்ணன் ஒவ்வொரு நாளும் பாட்டை முதலிலிருந்து தொடங்குவார். முதல் சரணம் முடிகிற இடத்தில் தாணு அண்ணாச்சியின் விசில் வந்துவிடும். அந்த இடம்வரை கை தங்கம். அதற்கு மேல் அந்தக் கை போனதே இல்லை. அங்கே வந்ததும் வண்டியை எடுக்கத்தான் அதற்குத் தெரியும்.

முற்றம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், அதை மறைக்க முடியாது. பிளெசிக்கு முகம் சிவந்துவிட்டது. கொயர் போன பிறகு, "அப்பா, கல்யாணத்துக்கு முந்தின நாளு வாசிக்கண்டாம்பா. மாப்பிள்ளை வீட்டு ஆளுவளும் வருவாவ" என்றாள்.

"செரி மக்ளே" என்றார் அண்ணன்.

நானாக இருந்தால் கிட்டார் அன்றே பழையபடி பீரோ ஏறியிருக்கும். மறுநாள் மதியம் அண்ணன் அதே கல்லில் உட்கார்ந்தார். தாணு அண்ணாச்சிதான் பிறகு இதை எங்களுக்குச் சொன்னார். அவருக்கு மனசு கேட்கவில்லையாம்.

"டிரைவரே, நான் வேணும்னா ரெண்டு நிமிஷம் லேட்டா விசில் அடிக்கட்டா?"

"வேண்டாம் ஓய். பால்வெட்டிட்டு வந்தவளுவ பசியோட நிக்காளுவ. பாட்டுக்கு வேண்டி வண்டிய நிறுத்தப்படாது. நான் வேற எடத்துல இருந்து தொடங்குகேன்."

அன்றிலிருந்து அண்ணன் இரண்டாம் சரணத்தில் தொடங்கினார். அது பழகியதும் மூன்றாம் சரணம். பிறகு முதல் சரணத்தின் கடைசி வரியும் இரண்டாவதன் முதல் வரியும் சேருகிற இடம் மட்டும், திரும்பத் திரும்ப. தெரிந்த இடத்தை வாசித்து மகிழ்வதை விட்டுவிட்டார். தெரியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கல்யாணக் குறி, அதாவது பத்திரிகை, கொடுக்கிற நாட்கள் வந்தன. எஸ்டேட் பெண்களை நேரில் அழைக்க வேண்டும் என்று பிளெசியே அப்பாவின் பஸ்ஸில் கீரிப்பாறை போனாள். வண்டி நின்றதும் குறிக் கட்டோடு இறங்கி லீலா அக்காவைத் தேடினாள். அண்ணன் மரத்தடிக்குப் போனார். மூன்றாம் சரணம் கேட்டது. தினமும் கேட்டுக் கேட்டு அந்தப் பெண்களுக்கு அது மனப்பாடமாகிவிட்டிருந்தது. லீலா அக்கா சும்மா முணுமுணுத்துக்கொண்டு நின்றார்.

"நீங்க நம்ம சபையே இல்லியே அக்கா, இது எப்பிடித் தெரியும்?" என்றாள் பிளெசி.

"உனக்க அப்பா எங்கள விட்டாத்தானே! கனவுலயும் இதுதான் கேக்குவு. முந்தி நல்லா கேலி பண்ணுவோம். இப்பம் ஒரு நாளு கேக்கலன்னா என்னமோ போல இருக்கு, பாத்துக்க."

பிளெசி மரத்தடிக்குப் போய் நின்றாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பல்லவியைப் பாடத் தொடங்கினாள். அண்ணன் கை ஒரு கணம் தடுமாறி, மூன்றாம் சரணத்திலிருந்து பல்லவிக்கு வந்து சேர்ந்துகொண்டது. முதல் சரணம் முடிந்தது. தாணு அண்ணாச்சி விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார், நேரமும் ஆகிவிட்டது. லீலா அக்கா அந்த விசிலைப் பிடுங்கிக்கொண்டாராம். கீர்த்தனை கடைசிவரை போனது.

திரும்பி வரும் வழியில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பிளெசி சொன்னாளாம்: "எப்பா, அன்னைக்கு நீங்கதான் வாசிக்கணும். வேற ஆரும் வாசிச்சா நான் பாட மாட்டேன்."

கல்யாணத்துக்கு முந்தின நாள் அண்ணன் வாசித்ததைக் கேட்டவர்கள் பலர் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். நான் வர்ணிக்க வேண்டாம். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வந்து, "டிரைவருன்னு சொன்னாவ, பாட்டுக்காரருன்னு ஆரும் சொல்லலியே!" என்றார். "எனக்கு இந்த ஒரு ரூட்டுதான் தெரியும் அண்ணாச்சி. வேற பாட்டு கேட்டுராதீங்க" என்றார் அண்ணன். பந்தல் முழுக்கச் சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு. நான் அப்போதும் பெருமையில் தலையாட்டினேன். இந்த முறை நிறுத்த வேண்டி வரவில்லை.

மகள் போன பிறகும் அண்ணன் விடவில்லை. ரூட் ஒவ்வொன்றாகக் கூடியது. லீலா அக்கா ஒரு நாள், "இஞ்ச தாரும், நானும் ஒண்ணு இழுத்துப் பாக்கேன்" என்று வாங்கினார். இன்று அவர் தன் வீட்டில் நான்கைந்து பாட்டு வாசிக்கிறார். அண்ணன் யாருக்கும் வகுப்பு எடுத்ததில்லை. "நானே படிச்சிட்டுத்தான் இருக்கேன். பக்கத்துல இரி, சேந்து படிப்போம்" என்பார். விரல் வலிக்கிறது என்று யாராவது சொன்னால், "இண்ணைக்கு வலிக்கட்டும். நாளைக்கும் எடு. ஒரு மாசத்துல விரலு சொன்ன பேச்சு கேக்கும்" என்பார். இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் எங்காவது ஒரு கிட்டார் பீரோ மேல் கிடந்தால், தயவுசெய்து இறக்குங்கள். பெரிய நேரம் வேண்டாம். பஸ் திரும்பி நிற்கிற நேரம் போதும். ஆனால் ஒரு நாளும் விடாதீர்கள். விட்டவன் என்ன ஆனான் என்று பார்க்க வேண்டுமென்றால் வடசேரியில் என் கடைக்கு வரலாம்.

பணி ஓய்வு பெற்று நிம்மதியாக இருந்த நாளில் அண்ணனுக்கு வாதம் வந்தது. பேச்சு திரும்பியது. இடது கை மட்டும் திரும்பவில்லை. கம்பியை அழுத்த வேண்டிய கை அது. நாங்கள் எல்லாரும் கிட்டாரை அவர் கண்ணில் படாமல் எடுத்து வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, மைனி அதை எடுத்து வந்து கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவரை மைனி அதைத் தொட்டதே இல்லை.

"எந்தக் கம்பி, சொல்லுங்க."

"உனக்கு வருமா?"

"உங்களுக்கு வரல்லியா?"

அண்ணன் விரல் விரலாகச் சொல்லிக்கொடுக்க, மைனி இடது கையால் கார்டு பிடித்தார். அண்ணன் வலது கையால் அடித்தார். ஒவ்வொரு மாலையும் குடும்ப ஜெபத்துக்கு முன் இதுதான். முதலில் பட்டை லூசு. பிறகு மெல்ல மெல்லப் பாட்டு. ஒரு நாள் மஸ்கட்டிலிருந்து பிளெசி வீடியோ காலில் வந்தாள். செல்போனை நான் பிடித்துக்கொண்டேன். அவள் அங்கிருந்து பாட, இங்கே ஒரு கிட்டாரை இரண்டு பேர் வாசித்தார்கள். எல்லாச் சரணமும் முடிந்தது. நான் அவர்களையே பார்த்துக்கொண்டு செல்போனைச் சாய்த்துவிட்டதில், பாவம் பிளெசி கடைசிச் சரணம் முழுக்க வீட்டு உத்தரத்தைத்தான் பார்த்தாளாம்.

சில வாரங்களில் அண்ணன் அமைதியாகப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி நாட்களில் காரைக் கொடுத்து, டிரைவராகவும் வந்த பக்கத்து வீட்டாருக்கும், கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும், வந்து ஜெபித்த குருவானவருக்கும், டீச்சருக்கும், அடக்கத்தன்று எஸ்டேட்டில் லீவு போட்டு ஒரு பஸ் நிறைய வந்து இறங்கிய சகோதரிகளுக்கும், அன்று விசிலைத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பெட்டிக்குத் தோள் கொடுத்த தாணு அண்ணாச்சிக்கும், வேலைகளை விட்டு எங்கள் துயரத்தில் கூட நின்ற ஒவ்வொருவருக்கும் எங்கள் நன்றி. அண்ணனும் மைனியும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கிய மாதங்களில் பொறுத்துக்கொண்ட அயல்வீட்டாருக்குத் தனி நன்றி. இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டியிருக்கும்.

ஏனென்றால், எழுதி முடித்த இதை மைனிக்கு வாசித்துக் காட்டப் போயிருந்தேன். இரண்டு இடத்தில் சிரித்தார். ஒரு இடத்தில் முந்தானையை எடுத்தார். பிறகு, "போரும் தம்பி, எனக்கு நேரமாச்சி" என்று கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டார். இடது கை பழக்கத்தில் தானாகப் போய்ச் சரியான கம்பிகளில் உட்கார்ந்தது. வலது கை மட்டும் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. அண்ணனுடைய அந்தக் கையைத்தான் மைனி இப்போது படித்துக்கொண்டிருக்கிறார், ஒரு நாளும் விடாமல்.